காய்ச்சலா, நடிப்பா

ருக்மிணி இறந்த பிறகு, எங்கள் மகள் ஜலஜா விஷயத்தில் இரண்டு முறை தவறினேன். முதல் முறை, நெற்றி சுடவில்லை என்று பள்ளிக்கு அனுப்பினேன். அங்கே வாந்தி எடுத்துக் கிடந்தாள். அடுத்த முறை, நெற்றி சுட்டதென்று விடுப்பு எடுத்தேன். போர்வைக்குள் தலையை மூடிக் கிடந்த சூடு அது. ஒன்பது மணிக்குக் கேரம் ஆடக் கூப்பிட்டாள்.

காஞ்சன்பாக் ஆய்வகத்தில் உலோகத் துண்டுகளைச் சோதிப்பது என் வேலை. அந்தப் பழக்கத்தில் ஒரு நோட்டில் அட்டவணை போட்டேன். நெற்றி சுட்டால் மூன்று மதிப்பெண். பால் வேண்டாமென்றால் இரண்டு. கணக்குப் பரீட்சை என்றால் இரண்டைக் கழிக்க வேண்டும். காலையில் மதிப்பெண் போட்டு மாலையில் சரிபார்த்தேன். நெற்றிக்கான மதிப்பெண் மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது. சில மாதங்களில் நோட்டைத் திறப்பதே நின்றுபோயிற்று.

ருக்மிணியின் அக்கா சாந்தா திருச்சியிலிருந்து வந்தார். ஜலஜாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள. ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு ரயில் டிக்கெட்.

“பொம்பளப் புள்ளைக்கு என்ன ஏதுன்னு ஆம்பளைக்குத் தெரியாது தம்பி.”

ஜலஜாவின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினேன்.

புதன் காலை ஜலஜா, “வயிறு வலிக்குது” என்றாள். சாந்தா தெர்மாமீட்டர் வைத்தார். காய்ச்சல் இல்லை.

“இன்னைக்கு என்ன பரீட்சை?”

“கணக்கு.”

“அதானே பாத்தேன்! எந்திரிடி கள்ளி.”

ஜலஜா எழுந்தாள். பாலை முழுவதும் குடித்தாள். பின்னலை இறுக்கியபோது கத்தவில்லை. பள்ளிப் பழக்கத்தில் எதற்கும் தெலுங்கில் பதில் சொல்பவள் அன்று தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தாள். அட்டவணைப்படி பள்ளிக்குப் போக வேண்டியவள்.

“இன்னைக்கு வேணாங்க்கா. உடம்பு சரியில்ல.”

“இப்படிச் செல்லம் கொடுக்கறீங்கன்னுதான் கூட்டிட்டுப் போறேங்கறேன்.”

நான் விடுப்புச் சொல்லி அனுப்பினேன்.

பதினோரு மணிக்கு நூற்றிரண்டு. தொண்டையில் புண், பிள்ளைகளுக்கு அது வயிற்று வலியாகவும் காட்டும் என்றார் டாக்டர்.

மருந்து கொடுத்துத் தூங்க வைத்த பிறகு சாந்தா கேட்டார்.

“எப்படித் தம்பி கண்டுபிடிச்சீங்க?”

யோசித்தேன். இதனால்தான் என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை.

“எல்லாத்தையும் சேத்துப் பாத்தேங்க்கா. என்னமோ தெரிஞ்சுது.”

“ருக்குவும் இதேதான் சொல்லுவா. கேட்டா காரணம் சொல்லத் தெரியாது கழுதைக்கு.”

சிறிது நேரம் கழித்துத் தன் பையிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்து வந்தார்.

“புள்ளையோடத கேன்சல் பண்ணிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன். ஒரு மணிக்கு என்ன கொடுக்கறது, கஞ்சியா, ரசஞ்சாதமா?”

“கஞ்சி. உப்புக் கொஞ்சம் கூடவே போடுங்க. இல்லன்னா குடிக்க மாட்டா.”

செகந்திராபாத் ரயில் நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது. நிற்பது சிரமமாகவே இல்லை.