வீடு பார்க்க வந்த தம்பி

என் தம்பி சசிகரன் ரொறன்ரோவில் கட்டடங்களுக்குப் படம் கீறுகிறவன். நாற்பதை நெருங்கியும் கலியாணம் என்றால் காதே கேட்காது. ஒரு வார லீவில் திருகோணமலைக்கு அக்கா என்னிடம் வந்தவன், ஊரில் உள்ள கூரைகளை எல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரிந்தான். கோட்டை வாசலில் மான்கள் அவனைச் சுற்றி மேய, அவனுக்கோ வளைவுக் கல்லில்தான் கண். காலையில் இடியப்பத்தைப் பிசைந்தபடியே, டொக்யாட் வீதியில் எந்த வீட்டில் பழைய யன்னல் மிச்சம் என்று கேட்பான்.

எனக்கு வேறு கவலை. இந்த முறையும் இவன் தனியாகத் திரும்பிப் போனால், அங்கே காய்ச்சல் வந்தால்கூட ஒரு கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இல்லை.

ஆகவே உட்துறைமுக வீதி இரத்தினசிங்கத்தாருக்குப் போன் எடுத்து, "தம்பிக்கு உங்கட வீட்டைப் பார்க்க விருப்பமாம்" என்றேன். அதில் பொய் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில், மகளுக்கு வரன் தேடுகிற வீட்டைக் கலியாணமாகாத ஒருவன் பார்க்க வருகிறான் என்றால், சீதனமாக வரப்போகிற வீட்டைப் பார்க்கத்தான் என்று யாரும் நினைப்பார்கள். அவரும் நினைத்தார். நான் திருத்தப் போகவில்லை. தம்பியிடம், "ஒல்லாந்தர் காலத்து வீடு, முதிரை மரக் கதவு, பீலி ஓடு" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போனேன்.

போனவன் சும்மா இருந்தானா? சுவரைத் தட்டினான். கதவை மூடித் திறந்தான். கூரை மரத்தைப் பார்க்கக் கதிரையில் ஏறி நின்றான். இரத்தினசிங்கத்தாரின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"இதை இடிச்சுப் போடாதேங்கோ" என்றான் தம்பி.

"நீங்கள் ஓம் எண்டால் ஒரு கல்லையும் தொடமாட்டன், தம்பி. வீட்டைப் பிள்ளையின்ர பேரிலதான் எழுதப்போறன்" என்றார் அவர்.

தம்பி கதிரையில் நின்றபடி மெல்ல என் பக்கம் திரும்பினான். நான் யன்னலால் துறைமுகத்தைப் பார்த்தேன்.

குசினி வாசலில் நின்ற மகள்தான் வாயைத் திறந்தாள். வங்கியில் வேலை செய்கிற பிள்ளை, கீர்த்தனி.

"இதுவரைக்கும் வந்தவை எல்லாரும் வீட்டைத்தான் பார்த்தவை. ஆனா என்னைப் பார்க்க வந்த மாதிரி நடிச்சவை. நீங்கள் நடிக்கேல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

தம்பி இறங்கினான். படம் எடுத்துக்கொண்டிருந்த போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"உங்கட பேர் என்ன?"

"அக்கா சொல்லேல்லையோ?"

"ஓடு, கதவு எல்லாத்தையும் சொன்னவ. உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

நாலு பேருக்கு முன்னால் இப்படிக் காட்டிக்கொடுத்தால், வேறு நாளென்றால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இருந்து வேடிக்கை பார்ப்பம் என்று கதிரையில் நன்றாகச் சாய்ந்தேன்.

கீர்த்தனி என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்களும் அப்பாவும் கொஞ்சம் வெளியில போய் இருங்கோவன்" என்றாள்.