பதினேழாம் நம்பர் குப்பி

நோயாளி மருந்து தின்பதுதான் உலக வழக்கம். அந்த ஹோமியோபதிக் கல்லூரியில் நாலாம் வருடம் வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். சளி, காய்ச்சல், கொதிப்பு என்று ஒன்றுமில்லாத ஆளாகப் பார்த்துப் பிடித்து மருந்தைத் தின்னச் சொல்வார்கள். என்ன மருந்து என்று சொல்ல மாட்டார்கள். தின்றவர் தன் உடம்பையும் மனசையும் கவனித்து, தலையில் என்ன, காலில் என்ன, கனவில் யார் வந்தார் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும். நல்ல உடம்பில் ஒரு மருந்து என்ன தொல்லையைக் கிளப்புகிறதோ, அதே தொல்லையோடு வருகிறவருக்கு அந்த மருந்தைக் கொடுக்கலாம் என்பது அவர்கள் படிப்பு.

அந்த வருடச் சோதனைக்கு ஒன்பது மாணவர்கள் பெயர் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி பெரியக்கா. வயது முப்பத்தைந்து. டெலிபோன் ஆபீஸ் வேலையை உதறிவிட்டுப் படிக்க வந்தவள். மற்றவர்களெல்லாம் நேற்று முளைத்த காளான்கள், ஆகவே அவளுக்கு அந்தப் பெயர். கலைத்துப் போட்டிருந்த நம்பர்களில் அவளுக்குப் பதினேழாம் நம்பர் ஒட்டிய குப்பி கிடைத்தது.

காலையில் நாக்குக்கு அடியில் நாலு உருண்டை. காபி கூடாது, புதினா வாசம் அடிக்கிற பற்பசை கூடாது. இதெல்லாம் பெரிய விஷயமில்லை. மாலையில் அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும் என்ற விதிதான் அவளுக்கு ஒத்துவரவில்லை. அண்ணன் இறந்து ஒரு வருடமாகிறது. அந்த ஒரு வருடத்தில் அவள் சும்மா உட்காரவே இல்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். மடித்த துணியைப் பிரித்து மடிப்பாள். பஸ்ஸில்கூட நின்றுகொண்டே போவாள்.

முதல் நாலு நாள் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை. இடது காது மடல் சூடு, சாயங்காலம் கொஞ்சம் தாகம். ஐந்தாம் நாள் மாலை ஐந்து மணிக்கு, கூடத்து நாற்காலியில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் தனியாக உட்கார்ந்திருந்தபோது, பூட்டியிருந்த உள்ளறையிலிருந்து இருமல் கேட்டது.

மூன்று இருமல். பிறகு ஒரு செருமல்.

அது அண்ணனுடைய அறை. அவன் போன பிறகு அண்ணி அங்கே படுப்பதில்லை, கூடத்து சோபாதான் அவளுக்குப் படுக்கை. பெரியக்கா எழுந்து ஓடியிருப்பாள். ஆனால் மடியில் நோட்டு இருந்தது. ஒரு நிமிடம் கழித்துப் பேனாவைத் திறந்து எழுதினாள்: ‘மாலை ஐந்து. அடுத்த அறையில் யாரோ இருமுவது போன்ற உணர்வு. மூன்று தடவை. இறுதியில் செருமல்.’ எழுதி முடித்ததும் அப்பாடா என்றிருந்தது. இது மருந்தின் வேலை. வேறொன்றுமில்லை.

அப்புறம் தினமும் கேட்டது. கட்டில் சட்டம் கிறீச்சிட்டது. தண்ணீர் டம்ளரை மேஜையில் வைக்கிற சத்தம் வந்தது. பத்தாம் நாள், கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவள் விடாமல் எழுதினாள். பயம் போகவில்லை, ஆனால் பயத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது. சோதனையை நடத்திய மேடம் வாராவாரம் நோட்டைப் பார்ப்பாள். பெரியக்காவின் பக்கங்களைப் படித்துவிட்டு, “இப்படித்தான் எழுதணும். மத்தவங்க எல்லாம் தலைவலி, தலைவலின்னு எழுதிட்டு வந்திருக்காங்க,” என்று வகுப்பின் முன்னால் பாராட்டினாள். நல்ல மருந்து ஒன்று தன் மூலம் உலகத்துக்குத் தெரியப்போகிறது என்று பெரியக்கா உள்ளூர மகிழ்ந்தாள். மனித மனசு இருக்கிறதே, பேயையும் மார்க்காக மாற்றிக்கொள்ளும்.

அந்த இருமல் அவளுக்குத் தெரியாததா என்ன?

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்குகிறவன். தங்கை இந்தப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவளை “சீனி டாக்டர்” என்றுதான் கூப்பிடுவான். கேலி செய்த அதே வாயால் அவள் கொடுத்த உருண்டையை வாங்கிப் போட்டுக்கொண்டதும் அவன் ஒருவன்தான். அவள் மூன்றாம் வருடம் படித்தபோது அவனுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. படிக்கிறவர்கள் யாருக்கும் மருந்து கொடுக்கக் கூடாது என்பது சட்டம். அவள் ரகசியமாகக் கொடுத்தாள். “உங்க அண்ணிக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் உரிச்சிடுவா,” என்று குப்பியைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டான்.

நாலாம் நாள் இருமல் கூடியது. நெஞ்சு வலித்தது. கட்டிலில் ஏறி உட்காரவே மூச்சு வாங்கியது. அண்ணி வேலைக்குப் போன பிறகு அவளிடம் கேட்டான்.

“சீனி டாக்டர், நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடட்டுமா?”

“கூடுதுன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்ண்ணே. முதல்ல கூடும், அப்புறம் அப்படியே இறங்கிடும். ரெண்டு நாள் பொறு.”

முதலில் கூடிப் பிறகு குறையலாம் என்று வகுப்பில் சொல்லித் தந்தது உண்மைதான். மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று அதே வகுப்பில், அதே மேடம், அடுத்த வரியில் சொன்னதும் உண்மை. அதை அடிக்கோடிட்டு எழுதி வைத்திருந்தவளும் இவள்தான். தன் முதல் நோயாளி, தன் முதல் மருந்து. பலித்துவிட்டது என்ற சந்தோஷம் கண்ணை மறைத்தது.

ஆறாம் நாள் ஆம்புலன்ஸ் வந்தது. ஏழாம் நாள் எல்லாம் முடிந்தது. “ரெண்டு நாள் முன்னாடி கொண்டு வந்திருந்தா...” என்று இழுத்தார் ஆஸ்பத்திரி டாக்டர். அண்ணி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோதெல்லாம் “எனக்கு ஒண்ணுமில்ல, நீ சும்மா இரு” என்று மழுப்பியவன், தங்கை பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை. அண்ணியும் அவனைத்தான் குற்றவாளி ஆக்கினாள். குழாய் ஒழுகினால், பல்ப் போனால், சும்மா உட்கார்ந்திருந்தால்கூட வசைதான். “வீம்புக்குன்னே செத்தார் அந்த மனுஷன். நான் எவ்வளவு கெஞ்சினேன்!” அவன் படத்தைக்கூட அவள் மாட்டவில்லை. எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டு பெரியக்கா கேட்டுக்கொண்டிருப்பாள்.

நாலாவது வாரம் மேடம் வகுப்பில் ஒட்டிய உறையைப் பிரித்தாள். எந்தக் குப்பியில் என்ன என்பது அதில்தான் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில குப்பிகளில் மருந்தே சேர்க்காத வெறும் சர்க்கரை உருண்டையைப் போட்டிருப்பார்கள். யாருக்கு அது வரும் என்று மேடத்துக்கே தெரியாது.

“வெறும் உருண்டை மூணு பேருக்கு. நாலாம் நம்பர், ஒன்பதாம் நம்பர், பதினேழாம் நம்பர்.”

வகுப்பே சிரித்தது. “பெரியக்கா, சர்க்கரைக்கே இந்தப் பாடுன்னா, மருந்து கொடுத்திருந்தா என்ன ஆகியிருப்பீங்க!” என்றது ஒரு காளான். அவளும் சிரித்தாள். பல் மட்டும் சிரித்தது.

எல்லோரும் போன பிறகு மேடம் நோட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தாள். “இதைத் தொகுப்புல சேர்க்க முடியாதும்மா. இது மருந்தோடது இல்ல, உங்களோடது.”

அன்று அண்ணிக்கு லீவு. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை அவளுக்கு. கூடத்து மேஜையில் உட்கார்ந்து தன் மூக்குக் கண்ணாடியின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தாள். மணி ஐந்தாகப் போகிறது. பெரியக்காவின் காது அவளை மீறி உள்ளறைக் கதவுக்குப் போனது. இன்னும் ஒரே ஒரு தடவை அந்தச் செருமலைக் கேட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது.

“அண்ணி, அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னுதான் சொன்னார்.”

அண்ணி நிமிரவில்லை. “யார்கிட்ட?”

“என்கிட்ட. நான்தான் பொறுக்கச் சொன்னேன். என் மருந்தைத்தான் சாப்பிட்டுட்டு இருந்தார்.”

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் கொட்டிவிட்டது. குப்பி, சட்டைப் பை, அடிக்கோடு, எதையும் அவள் விடவில்லை. அண்ணி திருப்புளியைக் கீழே வைத்தாள்.

“என்னைக்குக் கேட்டார்?”

“நாலாம் நாள்.”

“ரெண்டு நாள் முன்னாடின்னுதானே டாக்டர் சொன்னார்?”

“ஆமா அண்ணி.”

“ஒரு வருஷமா அவரைத் திட்டிட்டு இருக்கேன். நீ எதிர்ல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தே.”

அடித்திருந்தால் தேவலை. அண்ணி எழுந்தாள், சாவியை எடுத்தாள், உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலில் அழுகை கேட்டது. பிறகு பேச்சு. மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க என்று ஆரம்பித்தது, மெல்ல மெல்லச் சாதாரணப் பேச்சாகிவிட்டது. கடையில் நடந்தது, வீட்டுக்காரர் சொன்னது. பேசுவாள், நிறுத்துவாள், மறுபடி பேசுவாள். நிறுத்துகிற நேரம், அடுத்தவர் பதில் சொல்லி முடிக்கிற நேரம். ஒரு தடவை அண்ணி சிரித்தாள். அண்ணன் ஜோக் அடித்தால் மட்டும் வருகிற சிரிப்பு அது.

பெரியக்கா கதவோடு காதை வைத்துக் கேட்டாள். அண்ணியின் குரல் மட்டும்தான் கேட்டது. மூன்று வாரமாக அவளை ஆட்டி வைத்த இருமல், அவள் இப்போது ஏங்கிக் கேட்டபோது வரவில்லை. தாங்க முடியாமல் கதவைத் தட்டினாள்.

பேச்சு நின்றது. கதவு ஒரு சாண் திறந்தது. அண்ணியின் கண் வீங்கியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு வருடமாகக் காணாத அமைதி.

“அவருக்கு உன்மேல கோபம் இல்லையாம்.”

பெரியக்கா “அண்ணி...” என்று கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

“எனக்குத்தான் இருக்கு,” என்றாள், கதவைச் சாத்தினாள்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. விட்ட இடத்திலிருந்து பேச்சு மறுபடி தொடங்கியது.