வெள்ளை வயிறு

மூன்று நாள் புழுதிக்காற்று ஓய்ந்த காலை, எங்கள் மீன்பண்ணைக் குளத்து நீர்த்தெள்ளு ஒன்றை உருப்பெருக்கியில் பார்த்தேன். கடுகினும் சின்ன உயிர். உடம்பு கண்ணாடி, தின்றது அப்படியே வெளியே தெரியும். வயிறு புடைத்திருந்தது.

"எல்லாம் வயிறார தின்னுருக்கு. குஞ்சுகளை விடலாம்" என்று அண்ணன் ஜல்கஸிடம் பெரிய நிபுணன்போல அறிவித்தேன். கெண்டைக் குஞ்சுகளுக்கு முட்டையிலிருந்து வயிற்றோடு ஒட்டிவந்த மஞ்சட்கரு தீர்ந்துவிட்டது. இனி நீர்த்தெள்ளுதான் இரை. அண்ணன் எட்டு லட்சம் குஞ்சுகளையும் குளத்தில் விட்டார். இந்த வருடத்துக்கு எங்களிடம் வேறு குஞ்சு கிடையாது.

கொழுந்தன் பெயரை அண்ணி சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் தாஸாகுல் அண்ணி எனக்கு 'அழகு ராசா' என்று பெயர் வைத்திருந்தாள். என் மூக்கைப் பார்த்த எவரும் அதை நம்பியதில்லை.

"என்ன அழகு ராசா, எதைப் பாத்து பல்லைக் காட்டுற?"

"வயிறு நெறஞ்ச சனத்தை, அண்ணி. நம்ம வீட்டுல நான் ஒருத்தன்தான்னு நெனச்சேன்."

குனிந்து பார்த்தவள் சிரிக்கவில்லை. "பாசி தின்னா வயிறு பச்சையாத்தானே இருக்கணும்? இது ஏன் வெள்ளையா இருக்கு?"

மறுபடி பார்த்தேன். கால்கள் சீப்புபோல் ஓயாமல் தண்ணீரைச் சலித்து, சிக்கியதையெல்லாம் வாய்க்குத் தள்ளிக்கொண்டிருந்தன. சிக்கியது, எங்களுக்கு மேற்கே வற்றிப்போன கடலின் தரையிலிருந்து பறந்து வந்த மண். வயிறு நிறைந்தபடியே பட்டினி.

"எத்தனை நாள் தாங்கும்?"

"ரெண்டு."

"குஞ்சு?"

"அதைவிடக் கம்மி."

அவள் திட்டாமல் வாளியை எடுத்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

புழுதி விழாமல் மூடிவைத்த தொட்டியில் கொஞ்சம் பாசித் தண்ணீர் இருந்தது. மூவரும் வாளி வாளியாகக் குளத்தில் கொட்டினோம். மதியத்தில் தொட்டியின் அடி தெரிந்தது. உருப்பெருக்கியை எடுத்தேன். ஒரு வயிற்றில், வெள்ளைக்கு நடுவே, நூல்போல் பச்சை.

"அண்ணி! வந்து பாருங்க!"

அவள் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். வானமும் தரையும் சேரும் கோடு மறுபடி புழுதியில் மறைந்திருந்தது.

"தார்ப்பாய் எங்க?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுதான் இருக்கு. குளம் முழுக்க எப்படிண்ணே மூடுறது?"

"குஞ்சு மொய்க்கிற மூலையையாவது மூடுவோம். வாடா, மேதாவி."

முழங்கால் தண்ணீரில் இறங்கி விரித்தோம். ஆளுக்கொரு முனை. நாலாவது முனையைப் பிடிக்க ஆளில்லை. காற்று முதலில் அங்கேதான் நுழைந்தது.