மரமேறிய நேய் தௌனியாவுக்கு ஓட்டு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதற்கெடுத்தாலும் போட்டி வேண்டும். பாட்டுக்குப் போட்டி, படகுக்குப் போட்டி. இப்போது செத்துப்போனவர்களையும் விடுவதாக இல்லை. கிரிபட்டி நாட்டின் சரித்திரத்திலேயே பெரிய ஆள் யார் என்று ரேடியோவில் ஓட்டெடுப்பாம். ஒவ்வொரு தீவும் ஒரு பெயரை அனுப்ப வேண்டுமாம். அதையும் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டுமாம்!

தெற்கூர்க் கிழவர் பிரிபோ, தீவின் மூன்று ஊருக்கும் பொதுவான மன்றத்தில் தன் குடும்பத்துப் பாயில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வராமலிருக்கவும் முடியவில்லை. அவருடைய பாட்டியைப் பெற்றவள் தௌனியா; பெண்களுக்கு மரியாதையாக முன்னால் ஒட்டும் 'நேய்' சேர்த்து நேய் தௌனியா. அவள் பெயர் வருமா என்று மனசு கிடந்து அரித்தது. ஆனால் அவர் வாயால் சொல்ல முடியாது. தன் வீட்டு ஆளைத் தானே புகழ்கிறவனுக்கு மன்றத்தில் மரியாதை கிடையாது. தெற்கூர் முழுக்க அவள் வழிவந்தவர்கள். அத்தனை வாயும் கட்டு. வெளியூர்க்காரன் சொன்னால்தான் உண்டு. பக்கத்து வடக்கூர்க்காரர்களோ மீன் பிடிக்கும் பாறை யாருக்கு என்ற தகராறில் முகம் கொடுத்தே பேசுவதில்லை.

வெளியூர்க்காரர்கள் வாயால் இரண்டு பெயர்கள் வந்துவிட்டன: நடுவூரில் பிறந்த ஒரு போதகர்; வடக்கூர் கௌதுனாவின் மூதாதையான ஒரு மாலுமி.

"வேற யாராச்சும்?" தலைநகரிலிருந்து வந்த ரேடியோப் பெண் மைக்கை நீட்டினாள்.

பிரிபோ பாயின் ஓரத்தைப் பிய்த்தார்.

எழுந்தது கௌதுனாவேதான். "எங்க பாட்டனை எதுக்குத் தூக்கிட்டு அலையறீங்க? பக்கத்துத் தீவுக்குப் போறப்பவே வழி தப்பின ஆளு."

சிரிப்பு அடங்கும்வரை நின்றான்.

"நேய் தௌனியாவைச் சொல்லுங்கய்யா. ஆம்பளைங்க எல்லாம் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போயிட்டாங்க. மழை இல்ல. கெணறெல்லாம் உப்பு. தென்னையில ஏறிக் கள் எறக்க ஆளில்ல. பொம்பளை மரம் ஏறக் கூடாதுன்னாங்க கெழவனுங்க. 'அப்ப நீங்க ஏறுங்க'ன்னா. இடுப்புல கத்தியைச் சொருகிக்கிட்டு ஏறிட்டா! கள் எறக்கற ஆம்பளைங்க மாதிரி உச்சியில நின்னு பாடவும் செஞ்சா. புளிக்காத இனிப்புக் கள்ளு, கைக்குழந்தைங்களுக்கு. அப்பவும் ரெண்டு ஊருக்கும் சண்டைதான். ஆனா முதல்ல எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்குத்தான் ஊத்தினா. அதுல ஒரு வாய் எங்க தாத்தா குடிச்சாரு. இல்லேன்னா நான் ஏது? அந்தா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கானே அவ கொள்ளுப்பேரன் பிரிபோ, அவன் நிம்மதியா மீன் புடிச்சிருப்பான்."

"புடிச்சிருப்பேன்தான்!" என்று பிரிபோ கத்தினார். மன்றம் குலுங்கியது.

ஓட்டு ஆரம்பமானது. மாலுமி பெயர் வந்ததும் தெற்கூர் மொத்தமும் கை தூக்கியது. புகழ்ந்தவனுக்குப் பதில் மரியாதை செய்யாமலிருக்க முடியுமா? பிரிபோவின் கையும் மெதுவாக மேலே போனது.

"ஐயோ தாத்தா, அது உங்க கொள்ளுப்பாட்டிக்கு எதிர் ஓட்டு!" என்றாள் ரேடியோப் பெண்.

"தெரியும். நீ எண்ணும்மா."

போதகருக்கு ஒரு கைகூட எழவில்லை. நேய் தௌனியா என்றதும் வடக்கூர் தூக்கியது. மாலுமிக்குத் தெற்கூர் தூக்கிய கைகளும் இதுவும் எண்ணிக்கையில் சமம்தான். பிறகு, தங்கள் போதகருக்குத் தாங்களே கை தூக்கக் கூசி அதுவரை சும்மா இருந்த நடுவூர், பாய் பாயாகக் கை தூக்கியது.

"ஜெயிச்சுட்டாங்க! இப்பவாச்சும் ஓட்டு நல்லதுன்னு ஒத்துக்கறீங்களா, தாத்தா?"

"நடுவூர்க்காரன் கையை மடியிலயே வெச்சிருந்தா, அவ மரம் ஏறலேன்னு ஆயிடுமா?"

சாயங்காலக் கள் இறக்கும் நேரம். பிரிபோ கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

"யோவ், பாறை விஷயம் பேசணும்!" என்று கூப்பிட்டான் கௌதுனா.

"பேச என்ன இருக்கு? பாறை எங்களுது. வேணும்னா அதுக்கும் ஓட்டு வெச்சுக்கோ!" திரும்பிப் பார்க்காமலே அவர் தென்னந்தோப்புப் பக்கம் போனார்.