குரல் கேட்காமல் போடக்கூடாது

வெளியிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டித்து அன்று மூன்றாம் நாள். ஆஸ்பத்திரி, தண்ணீர் இறைக்கும் நிலையம், ரொட்டிக்கடை அடுப்பு, இரண்டாயிரத்துச் சொச்சம் வீடுகள் என்று அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் சொந்த வெயிலையும் சொந்தக் காற்றையும் வைத்துக்கொண்டு ஏழு நாள் ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் பழைய அனல்மின் நிலையத்தை நிரந்தரமாக இழுத்து மூடிவிடலாம். துணி உலர்த்தினால் கரிப்பொடி படியாத ஒரு காலம் வரும் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் பகல் முறை அவளுடையது. ஊழியர்கள் எல்லாரும் அவளை ‘கன்ட்ரோல் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான்.

மத்தியானத்துக்கு மேல் வானம் மூடிக்கொண்டது. கூரைகளிலுள்ள சூரியத் தகடுகளிலிருந்து வருவது கால்வாசியாக இறங்கியது. காற்றும் இல்லை. மலைமேல் இருந்த நான்கு காற்றாலைகளும் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. ஊர் முழுவதும் பேட்டரிக் கூடத்தின் சேமிப்பைத் தின்றுகொண்டிருந்தது.

இரண்டு மணிக்கு அவள் கணவன் போன் செய்தான். அவன் லைன் வேலை பார்ப்பவன்.

“மலை கேபிள்ல ஒரு ஜாயின்ட் சூடேறுது. காத்து இல்லாத நேரமா பாத்து முடிச்சிடுறேன். லைனை நிறுத்திட்டு லைன் கிளியர் குடு.”

“எவ்வளவு நேரங்க ஆகும்?”

“ரெண்டு, ரெண்டரை மணி நேரம். கிரீஸும் கூட இருக்கான்.”

கிரீஸ் என்பது அவன் கூட்டாளி. குளித்துவிட்டு வந்தாலும் சட்டையில் கிரீஸ் இருக்கும், அதனால் அந்தப் பெயர்.

அவள் காற்றாலைகளிலிருந்து வரும் மலை லைனின் பிரேக்கரைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்து, அதன் பொத்தான்மேல் சிவப்பு மூடியைக் கவிழ்த்து, பதிவேட்டில் நேரத்தை எழுதினாள். வேலை முடிந்ததும் லைனில் இருப்பவன் தன் வாயால் சொல்ல வேண்டும். அவன் குரலைக் கேட்காமல் யாரும் லைன் போடக்கூடாது. அந்தத் துறையில் முதல் நாள் சொல்லித் தரும் பாடம் அதுதான்.

நாலு மணிக்குப் பேட்டரி இருபத்திரண்டு சதவீதத்துக்கு வந்தது. அவள் சட்டப்படி முதலில் நிறுத்த வேண்டியதை நிறுத்தினாள். மலையடிவாரத்துக்குப் போகும் வடக்கு லைன். உடனே அறையின் தரைவழிப் போன் அலறியது.

“துணி பாதி துவைச்ச நிலையில மெஷின் நின்னுடுச்சும்மா! தண்ணியோட கிடக்கு. என்னை என்ன பண்ணச் சொல்றே?”

“கையால பிழிஞ்சுக்கோங்கம்மா, இன்னைக்கு ஒரு நாள்தான்.”

“மூணு நாளா இதைத்தானே சொல்றீங்க!” என்று அந்த அம்மா போனை வைத்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்று கடைசியாக அவள் சிரித்தது அப்போதுதான்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. காற்று! எதிரே இருந்த மரங்கள் தலைவிரித்து ஆடின. உள்ளே ஓடி வந்தார் தலைமைப் பொறியாளர். இருபது வருஷம் அனல்மின் நிலையத்தில் கரியோடு கரியாக வெந்தவர். கோபமும் அதே சூட்டில் வரும் என்பதால் அவருக்குக் ‘கொதிகலன்’ என்று பெயர்.

“காத்து வந்துடுச்சு! மலை லைனைப் போடும்மா.”

அவள் திரையைப் பார்த்தாள். மலை லைனுக்கு எதிரே பச்சை எழுத்தில் ‘தயார்’ என்று இருந்தது. வேலை நடக்கும்போது லைனைத் தரையோடு இணைத்து வைக்க அடிவாரப் பெட்டியில் பூட்டியிருந்த எர்த் சுவிட்சை யாரோ எடுத்துவிட்டார்கள். அப்படியானால் வேலை முடிந்துவிட்டது. பேட்டரி பதினொன்று.

“ஒரு நிமிஷம் சார். போன்ல கேட்டுக்கிறேன்.”

கணவனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது குரல். கிரீஸுக்கு அடித்தாள். அதே பதில். வாக்கி டாக்கியை எடுத்து அழுத்தினாள். இரைச்சல்கூட வரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மலைக்கு இருக்கிற ஒரே செல்போன் கோபுரம் வடக்கு லைனில் இருக்கிறது. வாக்கி டாக்கிக்கும் அதுதான் கதி. கோபுரத்தின் அவசர பேட்டரி அரை மணி தாங்கும். நாலு மணிக்கு அதன் கழுத்தைத் திருகியவள் அவளேதான்.

“சார், அவங்க சொல்லல.”

“திரை சொல்லுதே! எர்த்தை எடுத்தாச்சு. வேலை முடியாமலா எடுப்பான்?”

“குரல் வராம போடக்கூடாது சார்.”

“எனக்கா சட்டம் சொல்றே? அஞ்சு சதவீதம் வந்தா பேட்டரிக் கூடம் தானா படுத்துடும். மறுபடி எழுப்ப விடிஞ்சுடும். ஆஸ்பத்திரியில நாலு பேர் மூச்சு மெஷின்ல இருக்காங்க. அவங்க கையில இருக்கிறது ஒரு மணி நேர பேட்டரி.”

“வெளி லைனைக் கேட்கலாமே?”

“கேட்டுட்டேன். அவங்க பக்கம் போட ரெண்டு மணி நேரமாவது ஆகுமாம்.” அவர் குரல் தழைந்தது. “உன் புருஷன் மேல எனக்கு அக்கறை இல்லைன்னு நினைக்காதே. அவனை வேலைக்கு எடுத்தவனே நான்தான்.”

பத்து சதவீதம். ஒன்பது புள்ளி ஏழு.

அவள் கை எழுந்தது. சிவப்பு மூடியைத் தூக்கியது. கட்டைவிரல் பொத்தான்மேல் உட்கார்ந்தது. பொத்தான் குளிர்ச்சியாக இருந்தது. அவன் வழக்கமாக ஐந்து மணிக்கு முன்பே முடித்துவிடுவான். இந்நேரம் வண்டியில் இறங்கி வந்துகொண்டிருப்பான். இல்லாவிட்டால்? ஜாயின்ட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, வெறும் கையால்... அந்த நாலு பேரில் யாருடைய அம்மா இருக்கிறாளோ, யாருடைய பிள்ளை இருக்கிறதோ. இந்தப் பக்கம் போனாலும் உயிர், அந்தப் பக்கம் போனாலும் உயிர்.

விரலை எடுத்தாள்.

“கடைத்தெருவையும் கிழக்குப் பக்கத்தையும் நிறுத்துறேன் சார். வடக்கை எழுப்பி கோபுரத்தை உயிர்ப்பிக்கிறேன். அவங்க பேசட்டும்.”

“இருக்கிற பேட்டரியைப் போன் கோபுரத்துக்கா கொட்டப் போறே? அது எழுந்திருக்கவே அஞ்சு நிமிஷம் ஆகுமே!”

“ஆகட்டும்.”

கொதிகலன் பொங்கவில்லை. நாற்காலியைப் பற்றிக்கொண்டு நின்றார். அவருடைய வீடும் கிழக்குப் பக்கம்தான். அவள் இரண்டு சுவிட்சுகளைக் கீழே தள்ளி, ஒன்றை மேலே தூக்கினாள். ஜன்னலுக்கு வெளியே கடைத்தெரு வரிசையாக அணைந்தது. மேகம் கவிந்த சாயங்காலம், வெளிச்சம் போனதும் இன்னும் கறுத்துப் போயிற்று.

அந்த ஐந்து நிமிடம் எப்படிப் போனது என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. மறுபடி மறுபடி எண்ணை அழுத்தியது நினைவிருக்கிறது. ஒன்பது. எட்டரை. எட்டு. தரைவழிப் போன் விடாமல் அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

ஏழு புள்ளி எட்டில் மணி போனது. கிரீஸ் எடுத்தான்.

“அக்கா! இப்பதான் சிக்னல் வந்துச்சு. வேலை முடிஞ்சுது, எர்த்தை எடுத்துட்டு நான் ரோட்டுக்கு வந்துட்டேன். அண்ணனும் பின்னாலேயே இறங்கறேன்னாரு.”

கொதிகலன், “போடு, போடு” என்றார்.

“நீ அவரைக் கண்ணால பாத்தியா?” என்று கேட்டாள் அவள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

“மேல இருந்து ‘முடிஞ்சுது, எடுத்துடு’ன்னு கத்தினாரு. அதுக்கப்புறம்... பாக்கலையே அக்கா.”

“ஓடிப் போய்ப் பாரு. போனை வைக்காதே.”

காதில் அவன் மூச்சும் சரளைக்கல் நொறுங்கும் சத்தமும் கேட்டன. ஏழு. கிரீஸ் எதையோ பார்த்துவிட்டான் என்பது அவன் கத்தியதிலிருந்து தெரிந்தது.

“அண்ணே! கையை எடுங்கண்ணே! எர்த்தை எடுத்தாச்சுண்ணே!”

பிறகு எதுவும் கேட்கவில்லை. அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

“ஹலோ” என்றது கணவனின் குரல்.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஒரு நட்டு லூசா இருந்த மாதிரி தோணிச்சு. மறுபடி திறந்து முறுக்கிட்டிருந்தேன். இவன் அதுக்குள்ள எர்த்தை எடுத்துட்டது தெரியாது. நான்தான் கத்தினேன், எடுக்கச் சொல்லி. மறந்தே போச்சு.” அவன் நிறுத்தினான். “நீ இன்னும் போடலைல்ல?”

“போடலை.”

“இரு, மூடிட்டுத் தள்ளி வந்துடுறேன்.”

நாலு நிமிடம் ஆயிற்று. ஆறு புள்ளி ஒன்று. ஐந்து புள்ளி எட்டு. “லைன்ல யாரும் இல்லை, ரெண்டு பேரும் ரோட்டுல நிக்கிறோம், போடலாம்” என்று அவன் சொல்ல, அதை அவள் ஒருமுறை திருப்பிச் சொல்லி, அவன் ஆமாம் சொன்ன பிறகுதான் பொத்தானை அழுத்தினாள். ஐந்து புள்ளி மூன்றில் காற்றாலைகள் கைகொடுத்தன. எண் அங்கேயே நின்றது. பிறகு தயங்கித் தயங்கி மேலே ஏறியது. கொதிகலன் நாற்காலியில் சரிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நான் சொன்னதைக் கேட்டிருந்தியானா...” என்று தொடங்கியவர் முடிக்காமல் எழுந்து வெளியே போனார். மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தக் கோபுரத்தை எக்காரணத்தைக் கொண்டும் நிறுத்தக்கூடாத பட்டியலில் சேர்த்துக் கையெழுத்திட்டவரும் அவர்தான்.

முறை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது அவன் சமையலறையில் கை கழுவிக்கொண்டிருந்தான். பத்து விரலும் இருந்தன. அவள் வாசற்படியிலேயே நின்று எண்ணிப் பார்த்தாள்.

“நான் மூடியைத் திறந்துட்டேங்க” என்றாள். “விரலை வச்சுட்டேன்.”

அவன் குழாயை மூடினான்.

“எவ்வளவு நேரம் வச்சிருந்தே?”

“தெரியலை.”

“தப்பு என்னோடது. பார்க்காம எடுக்கச் சொன்னவன் நான். மூணு நாளா சரியாத் தூங்கலை, சீக்கிரம் முடிக்கணும்னு ஒரே பறப்பு.”

“யார் தப்புன்னு நான் கேட்கலை” என்றாள். அவன் வந்து அணைத்துக்கொண்டான். ஈரக் கையோடு பிடித்ததில் அவள் தோள் நனைந்தது.

“நாளைக்கு லீவு போட்டுடறியா?”

அவள் யோசித்தாள். இன்னும் நாலு நாள் இருக்கிறது. நாளைக்கும் மேகம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அந்த அறையை நினைத்தாலே பயமாக இருந்தது. ஆனால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்து, அவன் மலையில் இருக்கும்போது, பச்சை எழுத்தை மட்டும் பார்த்து விரல் வைப்பதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

“இல்லை. போறேன்” என்றாள்.