கடைமடைக் கொம்பியூட்டர்

"என்ன கா, உரப்பைக்குள்ள கோழியா?" என்று கேட்டான் பஸ் கொண்டக்டர்.

சதுரமாக ஒரு கோழியை அவன் எங்கே கண்டானோ தெரியாது. வதனி மடியிலிருந்த பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கொம்பியூட்டர். முட்டை போடாது" என்றாள். பின்சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஆனால் அவன் கேட்டது முழுப் பிழையுமில்லை. ஏழு கோழிகளை விற்ற காசோடுதான் அவள் கிரானிலிருந்து ஓட்டமாவடிக்குப் புறப்பட்டிருந்தாள். அந்தக் காசுக்குள் இந்தப் பழைய பெட்டிக்கு உயிர் வரவேண்டும். வராவிட்டால் இந்தச் சிறுபோகமும் கடைமடையிலுள்ள அவளுடைய இரண்டு ஏக்கர் காய்ந்து போகும்.

பெட்டிக்கும் வயலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குச் சிறுபோகம் தெரியாது. மழையில்லாத அந்தப் போகத்தில் குளத்துத் தண்ணீர் வயல் வட்டை முழுவதற்கும் காணாது. முதலில் பாய்ச்சுகிறவன் அறுப்பான், கடைசியில் பாய்ச்சுகிறவன் வானத்தைப் பார்ப்பான். அதனால் ஒரு வருசம் வாய்க்கால் தொடங்குகிற தலைமடைக்கு முதல் தண்ணீர், அடுத்த வருசம் வாய்க்கால் முடிகிற கடைமடைக்கு. போன வருசம் கடைமடையின் முறை. தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானை நல்லரத்தினம், மதகுப் பூட்டின் திறப்பை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறவர், தலைமடையில் பதினாலு ஏக்கர் உள்ளவர், கூட்டத்தில் எழும்பி, "இந்த ஒருக்கா மட்டும் விட்டுத் தாங்க, வாற முறை நீங்கதான் முதல்" என்று கேட்டார். கடைமடைச் சனம் இளகிய சனம். விட்டுக்கொடுத்தார்கள். எல்லோரும் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் கையெழுத்து வைத்தார்கள். கமக்காரர் அமைப்பின் செயலாளர் என்ற முறையில் வதனி அன்று பின்னேரமே அதையெல்லாம் தன் வீட்டுக் கொம்பியூட்டரில் அடித்து வைத்தாள். அந்தப் போகம் கடைமடையில் கதிர் பதராய்ப் போய், மாடுகளை வயலில் மேய அவிழ்த்து விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

பிறகு மார்கழி வெள்ளம். அமைப்பின் அலுமாரி மூன்று நாள் தண்ணீருக்குள் நின்றதில் புத்தகம் கூழாகிப்போனது. அதே வெள்ளம் நல்லரத்தினத்தின் ஞாபகத்தையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

"அப்பிடியொரு பேச்சு நடந்ததா எனக்கு ஞாபகமில்ல புள்ள. நடந்திருந்தாப் புத்தகத்தில இரிக்கும்தானே" என்றார்.

"கொம்பியூட்டர்ல இரிக்கி, விதானையார்."

"அது செத்த பெட்டியெல்லுவா. தங்கச்சிட மகன் புது லப்டொப் வச்சிரிக்கான். எல்லாத்தையும் புதுசாத் தொடங்குவம்."

செத்த வீட்டுக்குப் போய்வந்த முகத்தோடுதான் சொன்னார். வதனிக்கு உள்ளங்கால் வரைக்கும் பற்றி எரிந்தது. எரிந்தும் என்ன, அவர் சொன்னதில் பாதி மெய். பெட்டி விழித்தெழுவதற்குள் சோறு வெந்துவிடும். எழுந்தாலும் பத்து நிமிசம்தான், கொதித்துப்போய்ப் படாரென்று நின்றுவிடும். அந்தப் பத்து நிமிசக் கதை கிரான் முழுக்கத் தெரியும். நல்லரத்தினத்துக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும்.

ஓட்டமாவடியில் ஸஹீதாவின் திருத்தும் கடை, தேத்தண்ணிக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் ஒடுங்கி இருந்தது. அவளுக்கு முப்பது வயது இராது. முக்காட்டுத் தலைப்பைக் கழுத்தோடு செருகிக்கொண்டு வதனியின் கதையைக் கேட்டாள்.

"அந்த பைலை மட்டும் எடுத்து பென் டிரைவ்ல போட்டுத் தாறன் கா. காசும் வேணாம். பெட்டிய இரும்புக்குப் போடுங்க."

"பென்ல கொண்டுபோனா, ராத்திரி நான் இருந்து அடிச்சதெண்டு சொல்லுவார்" என்றாள் வதனி. "செத்துப் போச்செண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிற பெட்டி இது. இதுதான் ஞாயிற்றுக்கிழமைத் தண்ணிக் கூட்டத்துக்கு வரணும்."

ஸஹீதா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு திருகாணியைக் கழற்றத் தொடங்கினாள்.

கோழிக் காசுக்கு ஒன்றுதான் செய்யலாம் என்றாள். யாரோ பாவித்துக் கழித்த புதுமாதிரி ஹாட் டிஸ்க் ஒன்று போடலாம், அல்லது ராம் மெமரியைக் கூட்டலாம். ஹாட் டிஸ்க் போட்டால் பெட்டி கெதியாக எழும்பும். "ஆனா சூடு வேற வருத்தம் கா. அதுக்கு என்ன காரணமெண்டு பாப்பம்." பின்பக்கத்தைத் திருப்பியவள் நின்றுவிட்டாள். காற்றுப் போகும் துளைகள் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. மஞ்சளாய் இறுகிப்போன ஏதோ ஒன்று வரிசை வரிசையாக அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தாள்.

"இது சந்தனமெல்லுவா?"

வதனிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. புருசன் மதுரனின் வேலை. லாண்ட்மாஸ்டர் உழவு யந்திரம் ஓட்டுகிற மனுசன். ஒவ்வொரு வாணி விழாவுக்கும் எஞ்சினுக்குச் சந்தனம் பூசிய கையோடு கொம்பியூட்டருக்கும் வருவான். முன்பக்கம் பூசினால் எழுத்து மறையும் என்று, மனைவியின் பொருளில் அவ்வளவு மரியாதை, பின்னால் துளைகள் இருந்த இடத்தில் அழகாக அப்புவான். ஆறு வருசச் சந்தனம், அதற்கு மேல் விபூதி, அதற்கு மேல் தூசி. பெட்டி மூச்சு முட்டியே செத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"சாமிக்குப் பூசினது, நான் தட்டிக் கொட்டலாமா கா?" என்று ஸஹீதா தயங்கினாள்.

"கொட்டுங்க. சாமிக்கும் காத்து வேணும்."

தூரிகையால் தட்டினாள், ஊதினாள். பள்ளிக்கூட அழிறப்பரால் ராமின் பித்தளை நிறப் பற்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். பிராசசருக்கு மேல் காய்ந்து கிடந்த பசையைத் துடைத்துவிட்டு, ஒரு சின்னக் குழாயிலிருந்து வெள்ளையாக ஒரு பொட்டுப் பிதுக்கி வைத்தாள். "இதுக்கும் ஒரு சந்தனம் இரிக்கி. உங்கட ஆள் வெளியில பூசினத்த நான் உள்ளுக்குப் பூசுறன்" என்றாள். பழைய ஹாட் டிஸ்க்கில் இருந்ததெல்லாவற்றையும் புதியதற்கு மாற்ற மத்தியானம் கழிந்துவிட்டது. கூட்டக் குறிப்பு பத்திரமாக இருந்தது.

"எத்தினை நாள் ஓடுமெண்டு கேரண்டி தர ஏலாது கா. பழைய உடம்பு."

"உடம்பு பழசெண்டா என்ன, வாய் இரிக்கிதானே" என்றாள் வதனி.

வீட்டில் மதுரன் செய்தியைக் கேட்டுத் தலை குனிந்து முற்றத்தில் நின்றான். "எனக்கு என்னெண்டு தெரியும், வதனி. ரேடியேட்டர் எண்டு நினைச்சன்" என்றான். அவனை ஏச அவளுக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இழுவைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் தலையணை வைத்து, கொம்பியூட்டரை ஏற்றி, லாண்ட்மாஸ்டரை நடை வேகத்தில் ஓட்டினான். பிள்ளைப்பெற்றவளைக் கூட்டிப் போகிற மாதிரி ஒவ்வொரு குழிக்கும் நின்று நின்று போனான்.

மண்டபத்தில் எழுபது பேர் இருந்தார்கள். நல்லரத்தினம் மேசைக்குப் பின்னால், புதுக் குறிப்புப் புத்தகத்தோடு. வதனி அதே மேசையில், திரை சனத்தைப் பார்க்க, பெட்டியின் முதுகு அவரைப் பார்க்க, வயரெல்லாவற்றையும் பூட்டினாள். மதுரன் விரலில் சந்தனத்தோடு கிட்ட வந்தான். அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவன் மேசைக்காலில் பூசிவிட்டு ஒதுங்கினான்.

இந்த முறை சோறு வேகும்வரை காக்க வேண்டியிருக்கவில்லை. வெற்றிலை மடிக்கிற நேரத்தில் திரை வெளிச்சமானது. அவள் எழுத்தைப் பெரிதாக்கினாள். வாற சிறுபோகம் முதல் தண்ணீர் கடைமடைக்கு. கீழே திகதி, அதற்குக் கீழே கையெழுத்து வைத்தவர்களின் பெயர்கள். முதல் பெயர் நல்லரத்தினம்.

அவர் சுற்றி வந்து வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "நல்லது புள்ள. முதல்ல தேத்தண்ணியக் குடிப்பம், மறுகா பேசுவம்" என்று போய் இருந்துகொண்டார்.

வதனிக்கு விளங்கிவிட்டது. பத்து நிமிசம். மனுசன் காத்திருக்கிறார்.

தேத்தண்ணி வந்தது. அவர் உரத்தைப் பற்றிப் பேசினார், கட்டாக்காலி மாட்டைப் பற்றிப் பேசினார், போன வருசத்துப் பன்றிக் காவலைப் பற்றிப் பேசினார். கண் மட்டும் மணிக்கூட்டில். ஐந்து நிமிசம். எட்டு. வதனி பயந்தாள், நன்றாகவே பயந்தாள், ஆனால் பெட்டியை விட்டு ஒரு அடி நகரவில்லை. பத்து. கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தாள். இளஞ்சூட்டில் காற்று வந்துகொண்டிருந்தது. பதினைந்து. பின்வரிசையில் இருந்த கடைமடைச் சனம் கதிரைகளை இழுத்துக்கொண்டு முன்னுக்கு வரத் தொடங்கியது. கதிரைகள் சீமெந்தில் உரசும் சத்தம் மட்டும்.

"நிப்பாட்டு புள்ள" என்றார் நல்லரத்தினம். "கரண்ட் வீணாப் போகுது."

"முதல் தண்ணி கடைமடைக்கெண்டு நீங்க எழுதுங்க விதானையார். எழுதி முடியுமட்டும் ஓடட்டும்."

அவர் முன்னால் தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. புதுப் புத்தகத்தின் முதல் பக்கம் விரிந்து கிடந்தது, ஒரு எழுத்துமில்லாமல். பெட்டியின் முதுகிலிருந்து வந்த காற்றில் அந்தத் தாள் எழும்பி எழும்பி விழுந்தது. அவர் கையால் அழுத்தினார். கையை எடுத்ததும் திரும்ப எழும்பியது. கடைசியில் இடுப்பிலிருந்த மதகுத் திறப்பைக் கழற்றி அதன்மேல் பாரமாக வைத்துவிட்டுப் பேனையை எடுத்தார். அதற்குப் பிறகும் தாளின் ஓரம் துடித்துக்கொண்டேயிருந்தது.