பழுப்பாக விழுந்த பச்சை

எங்கள் ஸ்டுடியோவில் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று உண்டு. அதில் ஒரு பால் பாக்கெட் வைத்தால்கூட என் கணவருக்குப் பொறுக்காது. அது ஃபிலிமுக்கு மட்டும். மேல்தட்டில் முகங்களுக்கான ஃபிலிம் இருக்கும். அதில் நிறம் அடக்கமாக விழும். கீழ்த்தட்டில் வெளிப்புறப் படங்களுக்கானது. வானம் லேசாக நீலமாக இருந்தால் போதும், அந்த ஃபிலிமில் நீலம் கூச்சல் போடும். ஃபிலிமைப் பற்றி இவர் பேச ஆரம்பித்தால் தட்டில் போட்ட சாப்பாடு காய்ந்துபோகும். கல்யாணமான புதிதில் ஆசையாகக் கேட்டேன். அப்புறம் கேட்கிற மாதிரி தலையாட்டப் பழகிக்கொண்டேன்.

ஆற்றில் படகு கவிழ்ந்த வாரம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. யார் என்று தெரியாத உடல்கள் சில கரையில் கிடக்கின்றன, வைத்திருக்க இடமில்லை, இன்றைக்கே புதைத்துவிடப் போகிறோம், அதற்கு முன் படம் வேண்டும் என்றார்கள். தண்ணீரில் ஊறிய முகத்தை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. உடுப்பை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அதனால் கட்டாயம் கலரில் எடுக்கச் சொன்னார்கள்.

இவர் கீழ்த்தட்டிலிருந்து எடுத்தார்.

“மேல இருக்கறத எடுத்துட்டுப் போங்க. இது என்ன சுற்றுலாவா?” என்றேன்.

“வெளிய எடுக்கறதுக்கு இதுதான். மேகமூட்டம் வேற. அதுல எடுத்தா எல்லாமே வெளிறி, செத்த மாதிரி விழும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கொஞ்ச நேரம் பையின் வாரைச் சரிசெய்துகொண்டே நின்றார்.

“நிறம் தூக்கலா இருந்தாத்தானே சொந்தக்காரங்களுக்கு அடையாளம் தெரியும்,” என்றார் மெதுவாக.

நியாயமாகத்தான் பட்டது. நானும் விட்டுவிட்டேன்.

பிரிண்ட் போடுவது என் வேலை. பின்னறையில் இருக்கிற மெஷின் என் ராஜ்ஜியம். அன்றைக்கு எந்த முகத்தையும் பார்க்காமல், மண் மண்ணாக இருக்கிறதா, வானம் வானமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் போட்டேன். ஸ்டேஷன் வாசல் போர்டில் எண் போட்டு ஒட்டினார்கள். கீழே குறிப்பு எழுதியவர் ஆற்றுப் பக்கமே போகாதவர். படத்தைப் பார்த்துத்தான் எழுதினார்.

சில நாள் கழித்து ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். குடையை மடக்கிக் கதவோரம் ஒழுங்காகச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

“ஸ்டேஷன் போர்டுல ஏழாம் நம்பர் படம் இருக்கில்ல, அத பெருசாப் போட்டுத் தரணும்மா.”

“உங்களுக்கு என்ன வேணும் அவங்க?”

“ஒரு உறவும் இல்ல. எங்க ஆளு இல்லன்னு எம்மகன்கிட்ட காட்டணும். நாளைக்கு ஊர்லேருந்து வர்றான்.”

நான் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனார். மகனுக்கு வெளியூரில் வேலை. வீட்டில் இந்த அம்மாளும் மருமகளும் இன்னும் பேச்சு வராத ஒரு குழந்தையும். படகு கவிழ்ந்த அன்றைக்குக் காலையில் மருமகளோடு வாய்த்தகராறு. அவள் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனவள்தான்.

“எங்கயாவது சிநேகிதி வீட்டுல உக்காந்திருப்பா. ரோஷக்காரி. போட்டுட்டுப் போனது பச்சை ஸ்வெட்டர். நல்ல கரும்பச்சை. குளிருக்குன்னு நான்தான் வாங்கிக் குடுத்தேன். இந்தப் படத்துல இருக்கறது பழுப்பு. ஆளே வேற.”

அதைக் கேட்டதும் ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. முன்பொரு தடவை ஒரு திரைச்சீலைக் கடைக்காரர் தன் சரக்கை வெயிலில் தொங்கவிட்டுப் படம் எடுக்கச் சொன்னார். இதே கீழ்த்தட்டு ஃபிலிம். மற்ற நிறமெல்லாம் அச்சு அசலாக விழுந்தது. கரும்பச்சை நைலான் மட்டும் பழுப்பாக வந்தது. கடைக்காரர் தையத்தக்கா என்று குதித்தார். சில சாயத்தில் நம் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு இருக்கும், அது ஃபிலிமுக்குத் தெரிந்துவிடும் என்று இவர் அவரிடம் மணிக்கணக்கில் விளக்கினார்.

நெகட்டிவை எடுத்து வருவதாகச் சொல்லிப் பின்னறைக்குப் போனேன். இவர் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏழாம் நம்பர் ஸ்வெட்டர் நேர்ல என்ன கலர்?”

கை நின்றது. “பச்சை.”

“தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?”

“பிரிண்ட் பாத்தப்பவே தெரியும். யாராவது கேட்டு வந்தா சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

“வந்தாச்சு. போய்ச் சொல்லுங்க.”

துடைத்த லென்ஸையே மறுபடியும் துடைத்தார். ஃபிலிமைப் பற்றி ஊருக்கே பாடம் எடுக்கிற வாய்க்கு அன்றைக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த லென்ஸைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

முதலில் பழுப்பாகவே ஒன்று பெரிதாகப் போட்டேன். பிறகு மெஷினில் நிறத்தைத் தள்ளித் தள்ளி ஸ்வெட்டர் கரும்பச்சையாகும்வரை போட்டேன். அது ஒன்று சரியாவதற்குள் மீதி எல்லாம் கெட்டது. மண் பச்சை, வானம் பச்சை, அந்தப் பெண்ணின் கைவிரல்களும் பச்சை.

இரண்டையும் எடுத்து வந்து, பச்சையை அந்த அம்மாள் முன்னால் வைத்தேன்.

“அம்மா, ஃபிலிம் ஏமாத்திடுச்சு. சில துணிய அது இப்படித்தான் மாத்திக் காட்டும். நேர்ல அது பச்சைதான். படம் எடுத்தவரே சொல்றாரு.”

அழுவார், அடித்துக்கொள்வார் என்று கவுன்டரைச் சுற்றி வரத் தயாராக நின்றேன். அவர் அழவில்லை. ஸ்வெட்டரின் முழங்கையில் விரலை வைத்தார்.

“இங்க கிழிஞ்சிருந்திச்சு. நான்தான் தச்சேன். போர்டுலயே பாத்துட்டேம்மா.”

நான் குனிந்து அந்தத் தையலைப் பார்த்தேன்.

“பழுப்பையே குடுத்துடு. அவன் தையலெல்லாம் பாத்ததில்ல. பச்சை ஸ்வெட்டர்னு மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.”

“பெத்த புள்ளைய ஏமாத்தப் போறீங்களா?”

“அன்னிக்கு நான் சொன்ன வார்த்தை அப்படி. தெருவே கேட்டுச்சு. அதக் கேட்டுட்டுத்தான் அவ எறங்கிப் போனா.”

“அப்ப அந்தக் குழந்தை, அம்மா நம்மள விட்டுட்டு ஓடிப்போயிட்டான்னே நெனச்சு வளரணுமா?”

“வளரட்டும். பாட்டிதான் அம்மாவ ஆத்துக்கு அனுப்பினான்னு நெனச்சு வளர்றதுக்கு இது தேவல.”

அந்த நிமிஷம் அந்த அம்மாளை எனக்குப் பிடிக்கவே இல்லை. இரண்டு படமும் இதோ இருக்கிறது, எதை வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடுகடுவென்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பழுப்பை எடுத்துப் புடவைக்குள் மடித்து மறைத்துக்கொண்டு போய்விட்டார். நான் தடுக்கவில்லை.

மறுநாள் மதியம் ஒரு இளைஞன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். தூங்காத கண்கள். ஆனாலும் சிரித்தான்.

“நேத்து எங்கம்மா வந்து ஒரு படம் வாங்கிட்டுப் போனாங்களாமே. நல்லவேளை அக்கா, எங்க ஆளு இல்ல. கலரே வேற. பாத்ததுக்கப்புறந்தான் உயிரே வந்துச்சு.”

இவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“பாப்பாவ ஒரு படம் எடுக்கணும் சார். எம்பொண்டாட்டி எங்கயோ கோவத்துல இருக்கா. நோட்டீஸ் அடிச்சு பஸ் ஸ்டாண்டு பூரா ஒட்டப் போறேன். இங்க உள்ள வேணாம், வெளிய நல்ல வெளிச்சத்துல எடுங்க. கலர் தூக்கலா இருக்கணும். பாத்ததும் மனசு கேக்காம ஓடி வந்துடணும்.”

இவர் பழக்கதோஷத்தில் ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டார். திறந்தவர் எதையும் எடுக்காமல் நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறக்கப் போவது அவரில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

குழந்தை அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. நான் கவுன்டரைச் சுற்றிக்கொண்டு வந்து இரண்டு கையையும் நீட்டினேன்.

“குழந்தைய எங்கிட்ட குடுங்க தம்பி,” என்றேன். “நீங்க மொதல்ல உக்காருங்க.”